ஓசூரில் எந்தப் பகுதிக்கு உதவி முதலில்? பின்தங்கிய நிலையை அளப்பது பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

தொழிற்சாலைகள் பெருகிய மாவட்டம் என்று பெயர் பெற்ற கிருஷ்ணகிரியில், ஓசூர் நகரின் எல்லாத் தெருக்களும் ஒரே நிலையில் இல்லை. குடிநீர், கழிவுநீர் வடிகால், பள்ளி, மருத்துவம் ஆகியவற்றில் எந்தப் பகுதி பின்தங்கியிருக்கிறது என்பதை எண்களால் கண்டறிந்து, பொது நிதியை அங்கு முதலில் செலவிடும் நடைமுறை உலகின் பல நாடுகளில் உள்ளது. 2011-க்குப் பிறகு நடத்தப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அத்தகைய அளவீட்டுக்கு வேண்டிய புதிய விவரங்களைத் தரக்கூடியது. இது குறித்துப் பொதுமக்களிடையே எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

அடிப்படை விவரங்கள்

ஒரு பகுதி பின்தங்கியது என்றால் அங்கு ஏழைகள் அதிகம் என்று பொருளா?

முழுமையாக அப்படியல்ல. வருமானக் குறைவு அதன் ஒரு கூறு மட்டுமே. குடிநீர், கழிப்பறை, வடிகால், வீட்டின் தரம், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தொலைவு, வேலையின் நிலைத்தன்மை ஆகியவற்றில் ஏற்படும் குறைகள் ஒரே இடத்தில் ஒன்றாகச் சேரும்போது அந்தப் பகுதி பின்தங்கியதாகக் கருதப்படுகிறது. மாதச் சம்பளம் பெறும் குடும்பங்கள் வசிக்கும் தெருவும் இந்த அளவீட்டில் பின்தங்கியதாக வரலாம்.

குடும்பத்தின் வறுமையைக் கணக்கிடுவதற்கும் பகுதியின் நிலையைக் கணக்கிடுவதற்கும் என்ன வேறுபாடு?

குடும்ப அளவீடு, உதவித்தொகை, ரேஷன் அட்டை, வீட்டு மானியம் போன்றவை யாருக்கு என்பதை முடிவு செய்ய உதவுகிறது. பகுதி அளவீடு, குழாய், வடிகால், தெருவிளக்கு, அங்கன்வாடி, நகர்ப்புற நலவாழ்வு மையம் போன்ற பொது வசதிகள் எங்கு முதலில் தேவை என்பதைக் காட்டுகிறது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் தனியாக வடிகால் அமைக்க முடியாது என்பதால் இரண்டு அளவீடுகளும் தேவைப்படுகின்றன.

எந்தத் தெருவில் என்ன குறை என்பது கவுன்சிலருக்கும் அதிகாரிகளுக்கும் தெரியாதா? இதற்கு ஏன் குறியீடு?

குறைகள் தெரிந்திருக்கலாம். எந்தக் குறை பெரிது, எதற்கு முதலில் நிதி என்பதை ஒப்பிட்டு முடிவு செய்ய ஒரே அளவுகோல் வேண்டும். மனு கொடுப்பவர்களும் வாக்காளர்களும் அதிகம் உள்ள பகுதியின் குரல் எளிதில் கேட்கும். வாடகைக்குக் குடியிருப்போரும் வேற்று மாநிலத்தவரும் நிறைந்த தெருவின் குரல் அப்படிக் கேட்பதில்லை. குறியீடு இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்கிறது.

ஓசூர் செழிப்பான தொழில் நகரம். இங்கு பின்தங்கிய பகுதிகள் எப்படி உருவாகும்?

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பல சிறு நிறுவனங்களும் ஓசூரில் தொழில் தொடங்கின. வேலை தேடி வந்தவர்களுக்காகச் சுற்றுக் கிராமங்களில், வாடகைக்கு விட வரிசையாகக் கட்டப்படும் லைன் வீடுகள் வேகமாக எழுந்தன. சாலையும் வடிகாலும் குடிநீரும் அந்த வேகத்தில் வரவில்லை. ஆலையின் உற்பத்தி மதிப்பு மாவட்டக் கணக்கில் சேர்கிறது. அதில் வேலை செய்பவர் வசிக்கும் தெருவின் நிலை அந்தக் கணக்கில் தெரிவதில்லை.

இப்போதுள்ள அளவீடுகள்

வறுமையைப் பல கோணங்களில் அளக்கும் முறை இந்தியாவில் உள்ளதா?

உள்ளது. நிதி ஆயோக் 2021 நவம்பரில் தேசியப் பன்முக வறுமைக் குறியீட்டை முதன்முறையாக வெளியிட்டது; 2023 ஜூலையில் அடுத்த அறிக்கை வெளிவந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின் விவரங்களைக் கொண்டு தயாரிக்கப்பட்ட அந்த அறிக்கையின்படி, நாட்டில் பன்முக வறுமையில் உள்ளோர் 2015-16-ல் 24.85 சதவீதமாக இருந்து 2019-21-ல் 14.96 சதவீதமாகக் குறைந்தனர். தமிழ்நாட்டில் இந்த விகிதம் 2.20 சதவீதம்.

அந்தக் குறியீட்டில் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு மதிப்பு தரப்பட்டு, மொத்தம் 12 அம்சங்கள் பார்க்கப்படுகின்றன. ஊட்டச்சத்து, பள்ளிப் படிப்பு ஆண்டுகள், பள்ளி வருகை ஆகிய மூன்றுக்கும் தலா ஆறில் ஒரு பங்கும், குழந்தை - வளரிளம் பருவ இறப்பு, தாய்சேய் நலம் ஆகிய இரண்டுக்கும் தலா 12-ல் ஒரு பங்கும் உண்டு. சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள், வங்கிக் கணக்கு ஆகிய ஏழுக்கும் தலா 21-ல் ஒரு பங்கு மதிப்பு உள்ளது. குறைகளின் கூட்டுத்தொகை மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.33 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் குடும்பம் பன்முக வறுமையில் உள்ளதாகக் கொள்ளப்படும்.

லைன் வீட்டில் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பம் இந்தக் கணக்கில் வருமா?

பெரும்பாலும் வராது. பல குடும்பங்கள் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது ஒரு குறையாகப் பதிவாகும். அதன் மதிப்பு 4.76 சதவீதம் மட்டுமே. செங்கல் சுவரும் சிமென்ட் தரையும் உள்ள ஒற்றை அறையில் ஐந்து பேர் வசித்தாலும், இட நெருக்கடி இந்தக் குறியீட்டில் தனி அம்சமாக இல்லை. வாழ்க்கைத் தரப் பிரிவின் ஏழு அம்சங்களிலும் குறை இருந்தால்தான் அந்தப் பிரிவால் மட்டும் 33.33 சதவீத வரம்பை எட்ட முடியும்.

தமிழ்நாட்டில் வறுமை 2.20 சதவீதம் என்றால், நகரப் பகுதிகளைத் தனியாக அளக்க வேண்டிய தேவை என்ன?

நிதி ஆயோக்கின் குறியீடு மாநில, மாவட்ட அளவில் வெளியிடப்படுகிறது. ஒரு நகரின் வார்டு அல்லது தெரு அளவில் அது விவரம் தருவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள்தொகை 18,79,809. அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களும் ஓசூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அதே ஒரு மாவட்டச் சராசரியில் அடங்குகின்றன. கடும் வறுமையை அளக்கும் வரம்பு, நகர வசதிகளின் ஏற்றத்தாழ்வை அளக்கப் போதாது.

பின்தங்கிய வட்டாரங்களுக்கென அரசுத் திட்டங்கள் உள்ளனவே, அவை ஓசூர் மாநகருக்குப் பொருந்தாதா?

தமிழ்நாட்டின் ‘வளமிகு வட்டாரங்கள்’ திட்டமும், மத்திய அரசு 2023 ஜனவரியில் தொடங்கிய 500 வட்டாரங்களுக்கான திட்டமும் ஊராட்சி ஒன்றியங்களை அலகாகக் கொண்டவை. 2018-ல் தொடங்கப்பட்ட முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் சேர்க்கப்பட்டன. கிருஷ்ணகிரி அதில் இல்லை. மாநகராட்சிக்குள் வரும் தெருக்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது இந்தத் திட்டங்களின் நோக்கம் அல்ல.

அண்டை மாநிலமான கர்நாடகத்தில் இத்தகைய அளவீடு நடந்துள்ளதா?

நடந்துள்ளது. வட்டார ஏற்றத்தாழ்வுகளை ஆராய 2000-ல் அமைக்கப்பட்ட டி.எம்.நஞ்சுண்டப்பா குழு, 2002 ஜூனில் அறிக்கை அளித்தது. 35 அம்சங்களைக் கொண்டு 175 தாலுகாக்களை ஒப்பிட்ட அக்குழு, 114 தாலுகாக்களைப் பின்தங்கியவை எனக் கண்டு, அவற்றை 39, 40, 35 என மூன்று படிநிலைகளாகப் பிரித்தது. அதன் அடிப்படையில் சிறப்பு வளர்ச்சி நிதியும் ஒதுக்கப்பட்டது. ஆனால் அங்கும் அலகு தாலுகாதான், நகரத் தெரு அல்ல.

தெரு அளவில் அளக்கும் நாடு எது?

இங்கிலாந்தின் பின்தங்கு நிலைக் குறியீடு இதற்கு அதிகம் காட்டப்படும் உதாரணம். 2019 பதிப்பில் நாடு முழுவதும் சராசரியாக 1,500 பேர் வசிக்கும் 32,844 சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, முதலிடம் முதல் கடைசி வரை வரிசைப்படுத்தப்பட்டது. வருமானத்துக்கும் வேலைவாய்ப்புக்கும் தலா 22.5 சதவீதம், கல்விக்கும் சுகாதாரத்துக்கும் தலா 13.5 சதவீதம், குற்றம், வீட்டுவசதி - சேவைகள், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்குத் தலா 9.3 சதவீதம் என மதிப்பு தரப்பட்டது.

குடிசைப் பகுதியும் பின்தங்கிய பகுதியும்

அரசு அறிவித்த குடிசைப் பகுதிகளின் பட்டியலே போதாதா?

அந்தப் பட்டியலின் நோக்கம் வேறு. 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டத்தின்படி, தாழ்வான நிலம், சுகாதாரக் கேடு, நெரிசல் போன்ற காரணங்களால் மக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தான இடத்தை அரசு குடிசைப் பகுதி என அறிவிக்கலாம். சென்னையில் 1971-ல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அடுத்து 1985-ல் 17 பகுதிகள் மட்டுமே சேர்ந்தன. அறிவிப்பு நகர வளர்ச்சியோடு சேர்ந்து புதுப்பிக்கப்படாவிட்டால், புதிதாக உருவாகும் நெருக்கடியான இடங்கள் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எதைக் குடிசைப் பகுதி என்கிறது?

அரசு அறிவித்தவை, உள்ளாட்சி அங்கீகரித்தவை ஆகியவற்றுடன், கணக்கெடுப்பில் அடையாளம் காணப்படுபவையும் 2011-ல் சேர்க்கப்பட்டன. அடையாளம் காணப்படும் பகுதியில் குறைந்தது 300 பேர் அல்லது 60 முதல் 70 குடும்பங்கள், போதிய வசதியின்றி நெருக்கமாகக் கட்டப்பட்ட வீடுகளில் வசிக்க வேண்டும். அந்தக் கணக்கின்படி தமிழ்நாட்டில் குடிசைப் பகுதிகளில் வசித்தோர் சுமார் 57.98 லட்சம் பேர்.

லைன் வீடுகள் இந்த வரையறைக்குள் வருமா?

ஒரு வளாகத்தில் 10 அல்லது 20 குடும்பங்கள் மட்டுமே இருந்தால், 60 குடும்பம் என்ற அளவை அது எட்டாது. பட்டா நிலத்தில், உரிமையாளர் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய வீடுகள் என்பதால் புறம்போக்கு நிலக் குடியிருப்புக்கான கணக்கிலும் அவை வருவதில்லை. தொழில் நகரங்களில் குறைகள் இப்படிச் சிறு சிறு துண்டுகளாகப் பரவியிருப்பதே, குடிசைப் பகுதிப் பட்டியலுக்கு அப்பால் பகுதிவாரி அளவீடு கேட்கப்படுவதற்குக் காரணம்.

பின்தங்கிய பகுதி என்று பெயர் வந்தால் வீடுகளைக் காலி செய்யச் சொல்வார்களா?

குறியீட்டில் பெறும் மதிப்பெண் சட்டப்பூர்வ அறிவிப்பு அல்ல. அதை வைத்து யாரையும் வெளியேற்ற முடியாது. 1971 சட்டப்படி முறையாக அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதியிலும், குடியிருப்போரை வெளியேற்ற வழக்கு தொடர வேண்டுமானால் உரிய அதிகாரியின் முன் அனுமதி தேவை. 1970-ல் தொடங்கப்பட்டு, அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தி வந்த குடிசை மாற்று வாரியம், 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027

இந்தக் கணக்கெடுப்பு எப்போது நடக்கிறது?

இரண்டு கட்டங்களாக நடத்த மத்திய அரசு அறிவித்துள்ளது. வீட்டுப்பட்டியல் கணக்கெடுப்புக்கு 2026 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை காலம் ஒதுக்கப்பட்டு, அதற்குள் ஒவ்வொரு மாநிலமும் 30 நாள்களைத் தேர்வு செய்யும் முறை வகுக்கப்பட்டது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கும் முன் 15 நாள்கள் சுயமாகப் பதிவு செய்யும் வாய்ப்பும் தரப்பட்டது. மக்களை எண்ணும் இரண்டாம் கட்டம் 2027 பிப்ரவரியில் நடைபெறும். தமிழ்நாட்டுக்குக் கணக்கெடுப்பின் குறிப்பு நேரம் 2027 மார்ச் 1 நள்ளிரவு 00.00 மணி.

பின்தங்கிய பகுதியைக் கண்டறிய உதவும் கேள்விகள் எவை?

வீட்டுப்பட்டியலில் மொத்தம் 33 கேள்விகள் உள்ளன. தரை, சுவர், கூரை எதனால் ஆனவை, வசிக்கும் அறைகள் எத்தனை, வீடு சொந்தமா வாடகையா, குடிநீர் எங்கிருந்து வருகிறது, அது வீட்டுக்குள்ளா வெளியிலா என்பவை அவற்றில் அடங்கும். கழிப்பறையின் வகை, கழிவுநீர் வெளியேறும் வழி, குளியலறை, சமையலறை, எரிவாயு இணைப்பு, இணைய வசதி, வாகனம் ஆகியவையும் கேட்கப்படுகின்றன. அறைகளின் எண்ணிக்கையையும் ஆள்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால், பன்முக வறுமைக் குறியீட்டில் விடுபட்ட இட நெருக்கடி தெரிந்துவிடும்.

மாத வருமானம் கேட்கப்படுமா?

வீட்டுப்பட்டியலின் 33 கேள்விகளில் வருமானம் இல்லை. அதனால் வருமானத்துக்குப் பதிலாக வீட்டின் தரம், உடைமைகள் போன்றவற்றைக் கொண்டே பகுதியின் பொருளாதார நிலையை மதிப்பிட வேண்டியுள்ளது. ஓசூரில் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். வேலைக்குச் செல்ல கடனில் வாங்கிய இருசக்கர வாகனம் வசதியின் அடையாளமாகப் பதிவாகிவிடக்கூடும்.

உண்மையான விவரத்தைச் சொன்னால் அரசு உதவிகள் நிறுத்தப்படுமா?

நிறுத்தப்படாது. 1948-ம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, தனிநபர் அளித்த விவரங்களை யாரும் பார்வையிட முடியாது. நீதிமன்றத்தில் சான்றாகவும் ஏற்க முடியாது. தனிப்பட்ட அடையாளம் நீக்கப்பட்ட கூட்டு எண்ணிக்கைகளே வெளியிடப்படும். அதே காரணத்தால், வசதி இல்லை என்று தவறாகச் சொல்வதன் மூலம் எந்தக் குடும்பமும் தனி உதவி பெற முடியாது.

வட மாநிலத் தொழிலாளர்கள் எங்கு கணக்கில் சேர்வார்கள்?

வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணப்படுவதே கணக்கெடுப்பின் விதி. வாக்காளர் பட்டியலோ ரேஷன் அட்டையோ எங்குள்ளது என்பது இதற்குப் பொருட்டல்ல. ஓசூரில் தங்கி வேலை செய்யும் பிஹார், ஒடிசா, அசாம் மாநிலத்தவர் ஓசூரிலேயே எண்ணப்பட வேண்டும். பூட்டிய அறை, ஷிப்ட் வேலை, மொழிச் சிக்கல் ஆகியவற்றால் அவர்கள் விடுபட்டால், அந்தத் தெருவின் நெரிசல் குறைவாகவும் வசதி போதுமானதாகவும் காகிதத்தில் தோன்றும்.

தொழிற்சாலை விடுதிகளில் தங்கியுள்ள பெண்கள் கணக்கில் வருவார்களா?

மக்கள்தொகை எண்ணிக்கையில் வருவார்கள். பொதுச் சமையலறையுடன் இயங்கும் விடுதிகள் ‘நிறுவனக் குடும்பம்’ என்ற தனி வகையில் பதிவாகும். 2011-ல் வீட்டு வசதிகள் குறித்த அட்டவணைகளில் அந்த வகை சேர்க்கப்படவில்லை. அதனால் விடுதிகள் அதிகமுள்ள பகுதியின் குடிநீர், கழிப்பறை நிலையை அறிய, வசதி அட்டவணையுடன் தனி ஆய்வும் தேவைப்படும்.

ஓசூரில் வசித்து கர்நாடகத்தில் வேலை செய்வோர் எந்தப் பக்கம் சேர்வார்கள்?

வசிக்கும் இடமே அடிப்படை என்பதால், ஜூஜூவாடியில் குடியிருந்து அத்திப்பள்ளியிலோ பெங்களூருவிலோ வேலை செய்பவர் ஓசூர் கணக்கில் சேர்வார். அத்திப்பள்ளியில் குடியிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வருபவர் கர்நாடகக் கணக்கில் சேர்வார். வேலை இரு மாநிலங்களையும் இணைத்தாலும், பள்ளி, மருத்துவம், குடிநீருக்கான பொறுப்பு வசிப்பிட உள்ளாட்சிக்கே உரியது.

2011 கணக்கெடுப்பு விவரங்களை வைத்தே இந்த அளவீட்டைச் செய்ய முடியாதா?

ஓசூரைப் பொறுத்தவரை அது தவறான படத்தைத் தரும். 2011-ல் ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,16,821 என்று பதிவானது. மத்திகிரி பேரூராட்சி, ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, சென்னத்தூர், ஆவலப்பள்ளி ஆகியவை சேர்க்கப்படுவதற்கு முந்தைய எல்லை அது. 2019 பிப்ரவரியில் ஓசூர் மாநகராட்சியானது. 45 வார்டுகளுக்கான முதல் மாநகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. எல்லையும் மக்களும் மாறிவிட்ட நிலையில், பழைய எண்களால் இன்றைய தெருவின் நிலையை அறிய முடியாது.

மதிப்பெண் கணக்கு

ஒரு பகுதியின் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படும்?

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டு: ஒரு பகுதியில் 100 வீடுகளில் 40 வீடுகளுக்குள் குழாய் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நகரிலேயே மிகக் குறைவான பகுதியில் இது 10, மிக அதிகமான பகுதியில் 60 என்றால், 40-லிருந்து 10-ஐக் கழித்து வரும் 30-ஐ, 60-க்கும் 10-க்கும் உள்ள இடைவெளியான 50-ஆல் வகுக்க வேண்டும், விடை 0.6. குடிநீருக்கு 100-ல் 20 மதிப்பெண் என்று முடிவு செய்திருந்தால், இந்தப் பகுதி பெறும் குறை மதிப்பெண் 12. இப்படி ஒவ்வோர் அம்சத்துக்கும் கணக்கிட்டுக் கூட்டினால் பகுதியின் மொத்த மதிப்பெண் கிடைக்கும்.

எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை யார் முடிவு செய்வது?

இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. அளவீட்டை நடத்தும் அரசோ நிபுணர் குழுவோதான் முடிவு செய்யும். மதிப்பு மாறினால் வரிசையும் மாறும் என்பதால், எந்த அம்சத்துக்கு எவ்வளவு மதிப்பு, ஏன் என்பதைப் பட்டியலுடன் சேர்த்து வெளியிடுவது அவசியம். மதிப்பை மாற்றிப் பார்த்தாலும் தொடர்ந்து கடைசி இடங்களில் வரும் பகுதிகள் எவை என்று சோதிப்பது, முடிவின் நம்பகத்தன்மையைக் கூட்டும்.

வார்டு அளவில் கணக்கிட்டால் போதாதா?

ஒரு வார்டில் 1,000 வீடுகள் என்றும், அவற்றில் 800 புதிய லே-அவுட் வீடுகள், 200 லைன் வீடுகள் என்றும் கொள்ளலாம். லே-அவுட்டில் 5 சதவீதம், அதாவது 40 வீடுகளுக்கும், லைன் வீடுகளில் 70 சதவீதம், அதாவது 140 வீடுகளுக்கும் குழாய் இல்லை என்றால், வார்டின் சராசரி 18 சதவீதம் என்றே வரும். அந்த 18 சதவீதம், லைன் வீடுகளின் 70 சதவீதத்தை மறைத்துவிடும். அதனால் சில நூறு பேர் மட்டுமே வசிக்கும் கணக்கெடுப்பு வட்டங்களை அடிப்படையாகக் கொண்டு அளப்பது துல்லியமான முறை.

இந்தப் பகுதிக்கென்று தனியாகச் சேர்க்க வேண்டிய அம்சம் ஏதேனும் உண்டா?

குடிநீரின் தரம் முக்கியமானது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் ஜப்பான் நிதியுதவியுடன் உருவாக்கப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. வீட்டில் குழாய் உண்டா என்ற கேள்வி மட்டும் போதாது. அதில் வருவது காவிரி நீரா, போர்வெல் நீரா என்பதும், வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்பதும் சேர்க்கப்பட வேண்டும்.

உதவி யாருக்கு, எவ்வளவு

தேர்வாகும் பகுதிக்கு எந்த வகையான உதவி கிடைக்கும்?

பொதுவாக உள்கட்டமைப்புப் பணிகளும் கூடுதல் சேவை மையங்களுமே இதில் அடங்கும். ஏற்கெனவே உள்ள அளவுகோல்கள் இதற்கு வழிகாட்டும்: 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி, 1 கி.மீ. தொலைவுக்குள் தொடக்கப் பள்ளி. இந்த அளவுகளைவிடக் குறைவான வசதியுள்ள பகுதிகளுக்கு, நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டங்களின் நிதியில் முன்னுரிமை தருவதே அளவீட்டின் பயன்.

பகுதி தேர்வானால் அங்குள்ள எல்லாப் பெண்களுக்கும் மகளிர் உரிமைத் தொகை கிடைக்குமா?

கிடைக்காது, அது குடும்ப அளவில் தகுதி பார்க்கும் திட்டம். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது வகுக்கப்பட்ட நிபந்தனைகளின்படி, 21 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கக் கூடாது. பகுதியின் மதிப்பெண்ணுக்கும் இந்தத் தொகைக்கும் தொடர்பில்லை.

தேர்வாகாத பகுதியில் வசிக்கும் ஏழைக் குடும்பத்தின் நிலை என்ன?

எந்தப் பகுதி அளவீட்டிலும் இத்தகைய குடும்பங்கள் இருக்கும். அவர்களைக் குடும்ப அளவிலான திட்டங்கள் வழியாகவே அடைய முடியும். மிகவும் ஏழ்மையான 5 லட்சம் குடும்பங்களைக் கண்டறிந்து வறுமையிலிருந்து மீட்பதற்கான முதல்வரின் தாயுமானவர் திட்டம், 2024-25 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பில் 64,006 குடும்பங்கள் கடும் வறுமையில் இருப்பதாகக் கண்டறியப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. பகுதிக் குறியீடு இத்தகைய தேடலுக்கு மாற்று ஆகாது.

வசதி வந்ததும் வாடகை உயர்ந்தால் பயன் உரிமையாளருக்குத்தானே போகும்?

இந்த ஆபத்து உண்மையானது. வாடகைக் குடியிருப்பு அதிகமுள்ள ஓசூரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. வடிகாலும் சாலையும் வந்தபின் வாடகையும் அட்வான்ஸும் உயர்ந்தால், எந்தக் குடும்பங்களுக்காகப் பணி நடந்ததோ அவை இன்னும் தொலைவிலுள்ள வசதியற்ற இடத்துக்கு நகரக்கூடும். பள்ளி, அங்கன்வாடி, நலவாழ்வு மையம் போன்ற சேவைகளுக்கும் குறைந்த வாடகை வீடுகள், தொழிலாளர் விடுதிகளுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்குவது இந்தப் பாதிப்பைக் குறைக்கும் வழி.

மதிப்பெண் தவறு என்று கருதினால் மக்கள் எங்கு முறையிடலாம்?

2022-ல் வகுக்கப்பட்ட விதிகளின்படி நகர உள்ளாட்சிகளின் வார்டுகளில் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், அதன் கீழ் பகுதி சபைகளும் அமைக்கப்பட வேண்டும். தெருவின் குறைகளைப் பதிவு செய்ய உரிய இடம் அது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு நிதி செலவானது என்ற விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் ரூ.10 கட்டணத்துடன் கேட்கலாம். பதில் அளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. வாக்குரிமை வேறு ஊரில் இருந்தாலும் இந்தியக் குடிமக்கள் யாரும் இந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

ஒருமுறை அளந்தால் எத்தனை ஆண்டுகளுக்குப் போதும்?

பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பு அடித்தளமாக இருந்தாலும், ஓசூர் போல வேகமாக வளரும் நகருக்கு அந்த இடைவெளி நீளமானது. குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி போன்ற துறைப் பதிவேடுகளைக் கொண்டு இடைப்பட்ட ஆண்டுகளிலும் பட்டியலைத் திருத்த முடியும். முன்னேறிய பகுதி பட்டியலிலிருந்து நீங்கவும், புதிதாகக் குடியேற்றம் பெருகிய பகுதி அதில் சேரவும் ஆண்டு குறிப்பிட்ட விதி முன்கூட்டியே வகுக்கப்பட்டால்தான் நிதி தேவையுள்ள இடத்துக்குத் தொடர்ந்து சென்று சேரும்.